பீதரில் எரிந்த பச்சைப் புள்ளி

இது நான் நேரில் பார்த்த கதை இல்லை. நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் நஞ்சுண்டையா மேஷ்ட்ரு சொன்னது. மேஷ்ட்ரு என்றால் வாத்தியார்; உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தி ஓய்வு பெற்றவர். மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் என்னிடம் தன் வெற்றிக் கதையாகத்தான் இதைச் சொன்னார். நான் எதையும் கூட்டவில்லை.

அவர் மனைவி பிரேமலீலா வங்கியில் அதிகாரி. பதவி உயர்வு வந்தது. கூடவே மாற்றலும் வந்தது, மைசூரிலிருந்து பீதருக்கு. மாநிலத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு.

"தாராளமா போ. எனக்கும் நிம்மதி. இனிமே காபில சர்க்கரை என் இஷ்டம்" என்றாராம் மேஷ்ட்ரு.

"மாத்திரையும் உங்க இஷ்டமா, ரீ?" நம் "ஏங்க"தான் கன்னடத்தில் "ரீ".

"அதுவும்தான்."

"அப்ப நான் தினமும் கூப்பிட வேண்டாம்."

"எதுக்குக் கூப்பிடணும்? வேலையைப் பாரு."

வாய் இப்படிச் சொல்லிவிட்டது. கூப்பிடு என்று இனிமேல் எப்படிக் கேட்பது? அந்த அம்மாள் துணி மடிக்கும் நேரத்தில் மேஷ்ட்ரு அவருடைய லேப்டாப்பைத் திறந்தார். அது ஆன் ஆனதும் தானாகத் திறக்கும் செயலிகளின் பட்டியலில் வீடியோ அழைப்பையும் சேர்த்தார். இனி பீதரில் லேப்டாப் விழித்தால் மைசூர்த் திரையில் அந்த அம்மாளின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். தற்செயலாகக் கூப்பிடுவதுபோல் கூப்பிடலாம். கௌரவமும் தப்பும், முகமும் பார்க்கலாம்.

அந்த அம்மாள் பீதர் போன முதல் காலையே புள்ளி எரிந்தது.

"என்ன ரீ, காலங்காத்தால?"

"ஒண்ணுமில்ல. சீரகம் எங்க இருக்கு?"

"அஞ்சறைப் பெட்டியில."

மறுநாள் கடுகு. அப்புறம் வெந்தயம், பெருங்காயம். பெட்டி தீர்ந்ததும் தேங்காய்த் துருவி காணாமல் போனது. கேமராவுக்குத் தெரியாமல் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் கேட்டாராம்.

அழைப்பு முடிந்தால் திரையில் தன் முகம் மட்டும் மிஞ்சும். அதைப் பார்த்தபடியே உப்பிட்டை, அதாவது உப்புமாவை, சாப்பிட்டு முடிப்பார். இரண்டு பேருக்குக் கிளறிய உப்பிட்டு. ஒருவருக்குக் கிளற அவருக்கு அளவு பிடிபடவே இல்லை.

ஒருநாள் ஆபத்து வந்தது.

"ரீ, லேப்டாப் ஆன் ஆக ஒரு யுகம் ஆகுது. என்னென்னமோ தானா திறக்குது. எல்லாத்தையும் நிறுத்திடவா?"

"நிறுத்து, நிறுத்து. பாட்டு, பிரிண்டர் எல்லாம் எதுக்கு?"

"இந்த வீடியோ கால்?"

மேஷ்ட்ரு அவசரமாகக் குறுக்கிட்டார். "அதுல கை வைக்காதே."

"ஏன்?"

"அது... அஸ்திவாரம் மாதிரி. எடுத்தா மெஷினே உட்கார்ந்துடும்."

"விஞ்ஞான வாத்தியார் சொன்னா சரிதான்" என்று விட்டுவிட்டாராம்.

ஆனால் சில காலைகளில் புள்ளி எரியவில்லை. மேஷ்ட்ரு திரையின் முன்னால் உட்கார்ந்தே இருப்பார். காபி ஆடை கட்டும். மத்தியானம் தாங்காமல் போன் செய்வார்.

"லேப்டாப் நல்லா இருக்கா?"

"இருக்கே."

"எல்லாம் தானா திறக்குதா?"

"எது தானா திறக்கணும்?"

"ஒண்ணுமில்ல. பொதுவா கேட்டேன்."

பீதர் கரண்ட்டைத் திட்டிவிட்டுப் படுத்துவிடுவாராம். எரியாத ஒவ்வொரு நாளுக்கும் முந்தின நாள் ஒப்பட்டு, அதாவது போளி, தின்றதை அந்த அம்மாளிடம் அவர் பெருமையடித்திருந்தார். அது அவருக்கு உறைக்கவில்லை. வெறுத்துப்போய் இனிப்பை விட்டார். அப்புறம் புள்ளி நாள் தவறவில்லை. "பீதர்ல கரண்ட் சரியாயிடுச்சு" என்று என்னிடம் சொல்லி முடித்தார்.

தசராவுக்கு அந்த அம்மாள் வந்தார். பிரிண்டர் சேரவில்லை என்று லேப்டாப்பை என்னிடம் கொடுத்தார். அனுமதி கேட்டுத்தான் பட்டியலைத் திறந்தேன். வீடியோ அழைப்பு நிறுத்தப்பட்டிருந்தது.

"மேடம், இது தானா திறக்காதே?"

"போய் இறங்கின அன்னைக்கே நிறுத்திட்டேன்."

"அப்ப தினமும்?"

"கையாலதான் திறக்கிறேன். மாத்திரை போட்டு ஒழுங்கா இருந்தா திறப்பேன். ஒப்பட்டுன்னு வாயைத் திறந்தா மறுநாள் கிடையாது."

"நிறுத்தவான்னு அவரைக் கேட்டீங்களே?"

"என்ன கதை விடுறார்னு பார்க்கத்தான். அஸ்திவாரமாம்." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவர்கிட்ட சொல்லிடாதேம்மா. அப்புறம் கௌரவம் பார்த்துக்கிட்டுக் கூப்பிடவே மாட்டார். அங்க காலைல என்கிட்ட சீரகம் எங்கேன்னு கேக்க யார் இருக்கா?"

நான் சொல்லவில்லை. அந்த அம்மாள் திரும்பிப் போன பிறகு மேஷ்ட்ருவின் கம்ப்யூட்டரையும் பார்த்தேன். அதிலும் அந்த அழைப்பு தானாகத் திறக்கும்படி இருந்தது. நீங்கள் வைத்ததா என்று கேட்டேன். "இல்லையே. வாங்கினதிலிருந்தே அப்படித்தான்" என்றார்.

சரிபார்த்தேன். அந்தச் செயலி அப்படி வருவதில்லை. யாராவது உட்கார்ந்து கையால் சேர்த்தால்தான் உண்டு. அந்தக் கம்ப்யூட்டரை அதுவரை தொட்டவர்கள் இரண்டே பேர். மற்றவர் பீதரில் இருக்கிறார்.