ஆயர் ஈத்தாமில் விழாதவர்கள்

தைப்பூசத் தேருக்கு முன்னால் தேங்காய் சிதறும் சத்தத்தை எல்லாரும் தெருவில்தான் கேட்பார்கள். தனலெட்சுமி அதை ஒருமுறை தன் வீட்டுக் குளியலறையிலிருந்து கேட்டார். வழுக்கி விழுந்தது மாமியார். முப்பது வருடமாகியும் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை.

ஆகவே எழுபத்திரண்டு வயதில், தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை இந்தத் தைப்பூசத்தில் என் காலாலேயே ஏறுவேன் என்று அவர் வேண்டிக்கொண்டபோது, மகன் மோகனராஜ் ஒரு நிபந்தனை போட்டான்.

“பேலன்ஸ் கிளாஸ்ல சேருங்கம்மா. சர்ட்டிபிகேட் கொண்டாந்தா ஏறலாம். இல்லாட்டி நான் வீடியோவுல காட்டுறேன்.”

ஆயர் ஈத்தாமில் நடந்த அந்த வகுப்பின் முழுப்பெயர் முதியோர் சமநிலை மேம்பாட்டு இயக்கம். பொறுப்பதிகாரி குணாளன் எல்லாருக்கும் மஞ்சள் ஜெர்சி கொடுத்து, ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். ஓய்வுபெற்ற ஆபீஸ் கிராணி வின்சென்ட் லேசாக ஆடினார். குணாளன் அதைவிட அதிகமாக ஆடிப்போனார்.

“அண்ணே, கால கீழ வைங்கலா! இங்க ஒருத்தர்கூட விழக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு.”

“விழாம இருக்கத்தானே தம்பி நிக்கக் கத்துக்கிறோம்?”

“நின்னாத்தானே விழுவீங்க?”

வின்சென்ட் காலைக் கீழே வைத்தார். வேதாந்தியும் வைத்திருப்பார்.

மறுவாரம் பயிற்சி நாற்காலியில் நடந்தது. நாற்காலியும் சாயத்தக்க பொருளே என்பது கூர்ந்த ஆய்வில் தெரியவந்ததும் பாய் விரித்தார்கள். பாயிலிருந்து விழுந்தவர் பினாங்கு சரித்திரத்திலேயே கிடையாது.

“கண்ண மூடிக்குங்க. மனசுக்குள்ள ஒத்தக் கால்ல நில்லுங்க. அக்கா, கால மாத்துங்க!”

தனலெட்சுமி மாற்றினார். பக்கத்துப் பாயில் அமலம்மாள் குறட்டை விட்டார். அது ‘ஆழ்ந்த சமநிலை’ என்று பதிவாயிற்று.

சான்றிதழ் வழங்க, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் வந்தார். டத்தோ வந்தால் சபை எழ வேண்டும் என்பது நாட்டு மரியாதை. சபை எழவே கூடாது என்பது இயக்க விதி. குணாளனுக்கு வியர்த்தது.

“எந்திரிங்கக்கா, டத்தோ!”

“விழுந்துட்டா?”

“அப்ப படுங்க!”

“டத்தோ கோவிச்சுக்குவாரே?”

“எந்திரிங்க!”

கடைசியில் டத்தோவுக்கும் ஒரு பாய் விரிக்கப்பட்டது. கோட்டோடு படுத்தார். படுத்தபடியே ரிப்பன் வெட்டினார், உரையாற்றினார். இவ்வளவு சௌகரியமான விழாவுக்குத் தாம் போனதே இல்லை என்று உருகினார். ஆனந்தக் கண்ணீர் இரண்டு காதுகளிலும் வழிந்தது.

விழுந்தவர் எவருமில்லை. நூற்றுக்கு நூறு.

தைப்பூசத்தன்று மோகனராஜ் சான்றிதழைப் பயபக்தியோடு பார்த்துவிட்டு, அம்மாவை மலையடிவாரத்துக்கு அழைத்துப் போனான். தனலெட்சுமி முதல் படியில் வைக்கக் காலைத் தூக்கப் போனார். மனசுக்குள் இருந்த கால் சட்டென்று எழுந்தது. உடம்பில் இருந்த கால் எழவில்லை. அது மாதக்கணக்கில் பாயில் படுத்துக் கிடந்த கால்.

“ஏறுங்கம்மா!”

“இருடா, மனசுல பாதி மலை ஏறிட்டேன்.”

மீதிப் பாதியை வீட்டுக்குத் திரும்பும் காரில் ஏறி முடித்தார். படியில் அவர் கால் படவே இல்லை.

நிபோங் திபால் ஊரில் இயக்கம் திறந்த புதுக் கிளைக்கு இப்போது தனலெட்சுமிதான் பயிற்றுநர். வயது வரம்பைத் தளர்த்திவிட்டதால் மோகனராஜும் அங்கேதான் படுத்திருக்கிறான்.