கூட்டணி தர்மமும் ஒரு பச்சைச் சட்டையும்

அலபாமா,
ஜனவரி 9

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி லோவெல் ஊஸ்டர்ஹாஃப் அவர்களுக்கு,

ஹாய்ட் லெட்பெட்டர் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி வைனெலும் சௌக்கியம். அங்கே மிச்சிகனில் நீங்களும், உங்கள் வீட்டாரும், உங்கள் வாசல் கதவை மூடிக்கொண்டிருக்கும் பனியும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இது மன்னிப்புக் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக உங்களுக்குச் சந்தேகம் வரலாம்.

நேற்று என் மகள் கார்லீன் தொலைபேசியில் தீர்ப்பு வாசித்துவிட்டாள். நான் உங்களிடமும் நீங்கள் என்னிடமும் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லையென்றால் அவளும் உங்கள் மகன் காரெட்டும் கோர்ட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்களாம், இரண்டு அப்பாக்களுக்கும் அழைப்பு கிடையாதாம். மன்னிப்புக் கேட்டால் தேவாலயத்தில் கல்யாணம், அவள் கையைப் பிடித்து அழைத்துப்போவது நான். ஆனால் தேதியைக் கேளுங்கள். அக்டோபர் மாதம், இரண்டாவது சனிக்கிழமை, மூன்று மணி. கல்லூரி ஃபுட்பால் நடக்கும் அக்டோபர் சனிக்கிழமையில் எங்கள் ஊரில் யாரும் சாவதுகூட இல்லை, செத்தால் தூக்க ஆள் கிடைக்காது. வேண்டுமென்றே வைத்திருக்கிறாள், எந்த அப்பா முனகுகிறார் என்று பார்க்க. நான் முனகவில்லை. வைனெல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஆகவே புத்தாண்டு தினத்தன்று என் வீட்டில் நடந்ததற்கு வருந்துகிறேன். என்ன நடந்தது என்று எழுதினால்தானே எதற்கு வருந்துகிறேன் என்று உங்களுக்குப் புரியும். கல்யாணத் தேதி பேச வந்தீர்கள். அதிர்ஷ்டத்துக்குச் சாப்பிட வேண்டிய காராமணியும் கீரையும் வைத்தோம். உங்கள் மனைவி செர்ரிப் பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் கொண்டுவந்தார். அதுவரை எல்லாம் மரியாதையாகத்தான் போனது. அன்றைக்குப் பார்த்துத் தொலைக்காட்சியில் உங்கள் ஊர்க் கல்லூரிக்கும் எங்கள் பக்கத்துக் கல்லூரிக்கும் ஆட்டம். அந்தப் பக்கத்துக் கல்லூரி எங்கள் கல்லூரியின் பரம விரோதி என்பது உங்களுக்கே தெரியும். அவர்கள் தோற்றால் நான் இனிப்பு கொடுப்பவன். ஆனால் வடக்கத்தி அணி எதிரில் வந்து நிற்கும்போது விரோதியும் எங்கள் தெற்குக் கல்லூரிகளின் கூட்டணிதானே? அவன் தோற்றால் நாங்கள் எல்லோரும் சோப்ளாங்கிகள் என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்காட்டுவீர்கள். அதனால்தான் கூட்டணி தர்மம் கருதி, அடுத்த வீட்டுக்காரனிடம் விரோதியின் பச்சைச் சட்டையை இரவல் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு மாட்டினேன். என் அப்பா இருந்திருந்தால் என்னை வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பார்.

நீங்களோ சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தீர்கள். கலர் பென்சிலில் கட்டம் போட்ட தாள். கல்யாணத் தேதிகள் என்று நினைத்து நான் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். பார்த்தால் இரண்டு கூட்டணிகளின் பலப் பட்டியல். உங்கள் ஆள் எங்கள் ஆளை அடித்தான், அந்த எங்கள் ஆள் எங்கள் சாம்பியனை அடித்திருக்கிறான், ஆகவே உங்கள் வீட்டுக் கோழிகூட எங்கள் சாம்பியனை அடிக்கும் என்கிற கணக்கு. அந்தக் கணக்குப்படி போனால் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கே தேசியக் கோப்பையைக் கொடுக்க வேண்டியிருக்கும். கூட்டணிக்குப் 'பத்து' என்று பெயர் வைத்துக்கொண்டு பதினெட்டுக் கல்லூரிகளை உள்ளே உட்காரவைத்திருக்கிறவர்களிடம் கணக்கு கற்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. நவம்பரில் நாங்கள் ஊர்பேர் தெரியாத கல்லூரிகளை வரவழைத்து அறுபது புள்ளி போடுகிறோம் என்றும் குத்திக் காட்டினீர்கள். அது விருந்தோம்பல், சம்பந்தி. வடக்கில் அந்தப் பழக்கம் இல்லாமல் இருக்கலாம்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். எங்கள் கூட்டணியில் கடைசி இடத்துக்காரன்கூட உங்களில் நாலாவது ஆளுக்குச் சமம் என்று சாந்தமாகத்தான் சொன்னேன். அப்போது நீங்கள் என் தொழிலில் கை வைத்தீர்கள்.

"முப்பத்தோரு வருஷம் நிலக்கடலை ஆலையில எடை போட்டவரு நீங்க. லாரியோட எடையக் கழிக்காமயா சீட்டு எழுதுனீங்க? உங்க கூட்டணியில மேல இருக்குற மூணு பேருதான் கடலை. மத்ததெல்லாம் லாரி."

என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் கீரையைத் தின்றுகொண்டு சொன்னீர்கள். கரெக்டா அந்த நிமிஷம் பார்த்து அந்தப் பச்சைச் சட்டைப் பயல்கள் கையிலிருந்த பந்தைக் கீழே போட்டுத் தோற்றுத் தொலைத்தார்கள். விரோதிக்காகக் கத்தித் தொண்டையும் போச்சு, ஆட்டமும் போச்சு. அப்போதுதான் உங்கள் செர்ரி பையைத் தூக்கி வெளியே கொண்டுபோய் உங்கள் வண்டி மேல் வைத்தேன். குளிர்ப் பிரதேசத்துச் சரக்கு, வெளியே இருந்தால்தான் கெடாது என்கிற நல்லெண்ணம். நீங்களும் எழுந்துபோய் அதை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து தனியாகத் தின்றீர்கள். போகும்போது பச்சைச் சட்டையோடு நான் நின்றதைப் போட்டோ எடுத்தீர்கள், ஞாபகத்துக்கு என்றீர்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தப் போட்டோ ஃபோன் ஃபோனாகப் பரவி இப்போது எங்கள் ஊரில் எல்லோர் ஞாபகத்திலும் இருக்கிறது. முடி வெட்டப் போனால் க்ளீட்டஸ் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "பச்சை போட்டவனுக்கு இங்க நாற்காலி இல்ல ஹாய்ட்டு, அவனுங்க ஊர்லயே போய் வெட்டிக்க" என்கிறான். இருபது வருஷப் பழக்கம்.

இத்தனையும் கார்லீனிடம் சொல்லி நியாயம் கேட்டேன்.

"நீங்க அந்தக் காலேஜ் வாசப்படியக்கூட மிதிச்சதில்லப்பா. காரெட் அப்பாவும் அவங்க ஊரு காலேஜ்ல படிக்கல. ரெண்டு குடும்பத்துலயும் படிச்சது நாங்க ரெண்டு பேருதான். எங்களுக்கே கோபம் வரல. நான் உங்க கையப் புடிச்சுக்கிட்டு நடக்கணும்னு ஆறு வயசுலேர்ந்து ஆசைப்பட்டிருக்கேன், அதக் கெடுத்துறாதீங்க" என்றாள்.

நான் மேலே படிக்க வசதியில்லாமல் பதினெட்டு வயதில் எடைமேடையில் ஏறியவன். அவள் அந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கிய நாளில் அவளைவிட அதிகமாகக் கத்தியது நான்தான். அந்தத் தேவாலயத்தில் வாசலிலிருந்து பீடம் வரை நாற்பது அடி. அந்த நாற்பது அடியை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதனால் மனதார மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் கூட்டணியும் நல்ல கூட்டணிதான். கல்யாணத்தன்று ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன், ரேடியோ தொட மாட்டேன், ஃபோனை வைனெல் கைப்பையில் போட்டுவிடுவேன். இது சத்தியம்.

பிள்ளைகள் இருவரும் நீடூழி வாழட்டும். உங்கள் மனைவிக்கு என் வணக்கம், பை நன்றாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
ஹாய்ட் லெட்பெட்டர்

பி.கு.: இந்தப் பகுதியைக் கிழித்துவிட்டு மிச்சத்தைப் பிள்ளைகளிடம் காட்டவும். அக்டோபர் அட்டவணையைப் பார்த்தேன். அன்றைக்கு எங்களுக்கும் ஆட்டம், உங்களுக்கும் ஆட்டம். நேரம் இன்னும் அறிவிக்கவில்லை, ஆனால் நம்ம ராசிக்கு ரெண்டும் மூணு மணிக்குத்தான் இருக்கும். கார்லீன் என் வலது பக்கம் நடப்பாள், அதனால இடது காதுல சின்ன ரேடியோ ஒண்ணு வெச்சுக்கப் போறேன். நீங்க இடது பக்கம் முதல் வரிசையில உட்காருங்க. உங்க ஸ்கோரும் அதுலயே சொல்லுவான். ஆட்டத்துல உங்க அணி முன்னாடி இருந்தா ஒரு விரல் காட்டுவேன், பின்னாடி இருந்தா ரெண்டு. ஆனா ஸ்கோரத் தெரிஞ்சுக்க என் முகத்தப் பார்க்காதீங்க சம்பந்தி. எவன் ஜெயிச்சாலும் தோத்தாலும் அந்த நாற்பது அடியும் நான் அழுதுக்கிட்டுத்தான் வருவேன். விரலை மட்டும் பாருங்க.