மின்ஸ்க் அண்ணை என்கிற ஊர் மருமகன்

குழாய் திருத்த வந்து, குழாயைத் தவிர வீட்டிலுள்ள மற்ற எல்லாவற்றையும் திருத்திவிட்டுப் போகிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தைப் பராமரித்த சூப்பரின்டென்ட், சுருக்கமாகச் ‘சூப்பர்’, அவர்தான். பெலருஸ் நாட்டு மின்ஸ்க் நகரத்து ஆள். வாயில் நுழையாத அவருடைய பெயரை எங்கள் சனம் முதல் மாதமே கழற்றி வைத்துவிட்டு, ‘மின்ஸ்க் அண்ணை’ ஆக்கிவிட்டது. மனுசன் இங்கிலிஷ் படிக்க முன்னமே தமிழ் படித்துவிட்டார். எல்லாம் எங்கள் குசினிகளில் நின்று படித்த தமிழ்.

“நான் மிட்பீல்ட். பெரிய கிளப். பன்னிரண்டு வருசம். ஒரு பிழை பாஸ் இல்லை” என்று, உதைபந்தில் தான் நடுவில் நின்று விளையாடிய காலத்தைப் பற்றிச் சாவியைத் தூக்கிக் காட்டிச் சொல்லுவார்.

ஒருவரும் நம்பவில்லை. வெளிநாட்டுக்கு வந்த பிறகு, ஊரில் தான் பெரிய ஆளாக இருந்ததாகச் சொல்லாதவன் யார்? எங்கள் மாடியிலேயே மூன்று முன்னாள் அதிபர்கள் இருந்தார்கள். மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்தை ஒரே காலத்தில் நடத்தியவர்கள்.

“விளையாடின படம் ஒண்டு காட்டுங்கோவன் அண்ணை” என்று ஒருநாள் கேட்டேன்.

“படம் கோல் அடிச்ச ஆளுக்கு. நான் பாஸ் குடுத்த ஆள்” என்றார். சொல்லும்போது முகம் வாடிவிட்டது. ஒரு ஆளாவது தன்னை நம்ப வேண்டும் என்று அந்த மனுசன் ஏங்கியது எனக்குப் பாவமாக இருந்தது.

கட்டடம் முழுவதும் அவருக்கு மைதானம்தான். எங்கள் வீட்டுக் குழாயைப் பார்க்க வந்தவர், சோபாவைச் சுவரோடு தள்ளி, மேசையைத் திருப்பி, “நடுவிலை வழி வேணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குழாய் இன்னும் மூன்று கிழமை ஒழுகியது. ஏழாம் மாடிக் கடிதம் மாறி வந்தால் தானே கொண்டுபோய்க் கொடுக்க மாட்டார். எலிவேற்றரில் ஏறுகிறவன் கையில் திணிப்பார். அவன் நாலாம் மாடியில் இறங்கினால் இன்னொருவனிடம் கொடுக்க வேண்டும். “பந்து ஓடும். மனுசன் ஓடக் கூடாது” என்பது அவருடைய கொள்கை.

ஒரு கோடையில் ஸ்காபரோப் பூங்கா ஒன்றில் ஊர்ச் சங்கங்களின் உதைபந்தாட்டப் போட்டி வந்தது. ஊரில் பிறந்தவன் அல்லது ஊரில் பெண் எடுத்தவன்தான் விளையாடலாம் என்பது சட்டம். போட்டியன்று காலையில் எங்கள் ஆள் ஒருவனை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பத்துப் பேர்தான் மிச்சம். கப்டன் ரவி அண்ணை எனக்குப் போன் எடுத்தார்.

“உங்கடை சூப்பரைக் கூட்டிக்கொண்டு வாடா. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

பதிவு மேசையில் இருந்தவர் மின்ஸ்க் அண்ணையை மேலும் கீழும் பார்த்தார். “இவர் ஆர்?”

“எங்கடை ஊர் மருமகன்” என்றார் ரவி அண்ணை.

“ஆற்றை மகளைக் கட்டினவர்?”

ரவி அண்ணை என்னைப் பார்த்தார். “இவன்ரை பெரியம்மான்ரை மகளை.”

என் பெரியம்மாவுக்கு நாலும் பொடியன்கள். மேசைக்காரர் இன்னும் சந்தேகத்தோடு மின்ஸ்க் அண்ணையிடமே கேட்டார். “மாமி எப்பிடி?”

எட்டாம் மாடியில் எல்லாரும் ‘மாமி’ என்று கூப்பிடும் ஒரு மனுசி இருந்தார். மின்ஸ்க் அண்ணை அவரை நினைத்துப் பெருமூச்சு விட்டார். “மாமி பெரிய சத்தம்.”

மேசைக்காரர் மறு கேள்வி கேட்காமல் பெயரைப் பதிந்துவிட்டார்.

எங்கள் விளையாட்டு முறை எளிது. பந்து எங்கேயோ எல்லாரும் அங்கே. மின்ஸ்க் அண்ணை மட்டும் வேலைச் சப்பாத்தோடு நடுவில் அசையாமல் நின்றார். “உந்த மரத்தை ஆர் நட்டது?” என்று கரையில் ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

இடைவேளைக்குப் பிறகு அவர் எங்களைத் தோளில் பிடித்து ஒவ்வொரு இடத்தில் நிறுத்தினார். பிறகு பாஸ் கொடுக்கத் தொடங்கினார். ஐயோ, அந்தப் பாஸ்கள்! பார்க்காமலே உதைப்பார், பந்து வந்து காலடியில் நிற்கும். கரையில் சிரிப்பு நின்றது. “உவர் உண்மையாவே விளையாடின ஆள்தான்” என்றார் மரக் கதை சொன்னவர். அது மின்ஸ்க் அண்ணையின் காதில் விழுந்ததைக் கண்டேன். காது இரண்டும் சிவந்து, மனுசன் ஒரு அங்குலம் வளர்ந்துவிட்டார்.

கடைசி நிமிடங்களிலும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது மின்ஸ்க் அண்ணை உதைத்த ஒரு பந்து இரண்டு பேருக்கு நடுவால் எனக்கு வந்தது. கோலி விழுந்து கிடக்கிறான். வலை முழுவதும் திறந்து கிடக்கிறது. நான் அடித்தேன். அது கம்பத்துக்கு மேலால் போய் மட்டன் ரோல் விற்ற அன்ரியின் மேசையில் விழுந்தது. அடுத்த நிமிடமே மற்றவர்கள் கோல் போட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ரவி அண்ணை பாய்ந்து வந்தார். “உதையும் அடிக்கேலாட்டி உனக்கு என்னத்துக்கடா கால்?” பின்னால் ஊரே திரண்டு வந்தது. எங்கள் ஊர் ஒன்றையும் மறக்காது. மூன்று தலைமுறைக்கு எனக்குப் பட்டம் வைக்கப் போகிறார்கள் என்று பயந்தேன்.

வேலைச் சப்பாத்துக் கடித்த காலோடு மின்ஸ்க் அண்ணை நொண்டி நொண்டி வந்து எனக்கு முன்னால் நின்றார். “இவன் பிழை இல்லை. என் பாஸ் பிழை. கூடப் பலம்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

“நான் அப்பவே நினைச்சனான், உவர் சும்மா புளுகிறார்” என்றார் மரக் கதை சொன்ன அதே ஆள்.

“ஓம்” என்றார் மின்ஸ்க் அண்ணை.

நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். சப்வேயில் திரும்பும்போதுதான், “அண்ணை, பாஸ் சரியாத்தான் வந்தது” என்று மெதுவாகச் சொன்னேன்.

“தெரியும்” என்றார்.

அதன் பிறகு அந்தக் கட்டடத்தில் அவர் மிட்பீல்ட் கதை எடுக்கவேயில்லை. அன்று அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் இதை வாசித்தால், தயவுசெய்து கேளுங்கள். அந்தப் பந்து என் வலது காலுக்கு அளவெடுத்தது போல வந்தது. பிழை முழுவதும் என்னுடையது. என் கூடப்பிறந்த அண்ணன்கூட எனக்காக அப்படியொரு பொய் சொல்லியிருக்க மாட்டான்.