தூண்டில் பொருத்தம்

தூண்டில் கம்பு லிஃப்டுக்குள் போக மறுத்தது. கண்ணாடிக்காரர் அதை நேராக நுழைத்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், தான் முதலில் உள்ளே போய் அதைப் பின்னால் இழுத்தும் பார்த்தார். கம்பு இரண்டு ஆள் உயரம். லிஃப்ட் கதவு மூட வந்து, கம்பில் இடித்து, மறுபடி திறந்துகொண்டது. மேல்மாடியில் யாரோ லிஃப்டைக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் கேட்டு அவருடைய அக்கா படியிறங்கி வந்தாள். தம்பியைப் பார்த்தாள், கம்பைப் பார்த்தாள். நடுவில் பிடித்து ஒரு திருகு திருகினாள். கம்பு இரண்டாகக் கழன்று வந்தது.

"இதை முழுசா பஸ்ஸுல ஏத்தியா கொண்டு வந்தே?"

"ஏத்த விடல. நடந்து வந்தேன்."

அக்கா பெருமூச்சு விட்டபடி ஆளுக்கொரு பாதியாக மேலே கொண்டு போக உதவினாள்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் தெருவே அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடும். நாற்பதை நெருங்கும் வரை கல்யாணம் என்ற பேச்சை எடுக்காத மனிதர். பக்கத்துக் கட்டிடத்துப் பல் டாக்டர் ஒருநாள் கால் உடைந்த கண்ணாடியோடு கடைக்கு வந்தார். அதற்குப் பிறகு உடையாத கண்ணாடியோடும் வர ஆரம்பித்தார். இருவருக்கும் மனசு ஒத்துப்போனது. பாக்கி இருந்தது பல் டாக்டரின் அப்பா சம்மதம் மட்டும்தான். அவரை மீறி எதுவும் செய்ய மாட்டேன் என்று பல் டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அந்த அப்பாவை எல்லோரும் கேப்டன் என்பார்கள். ஒருகாலத்தில் பயணிகள் படகில் டிக்கெட் கிழித்தவர். படகு நின்றுபோயிற்று, பட்டம் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடலுக்குப் போவார். தவறாமல் நான்கு மீன்களோடு வருவார். வாசலிலேயே நின்று ஒவ்வொரு மீனின் வாயையும் அக்கம்பக்கத்தாருக்குத் திறந்து காட்டுவார். நான்கிலும் தூண்டில் முள் இடது ஓரத்தில்தான் கிழித்திருக்கும்.

"இடப்பக்கம் மாட்டறதுதான் என் கையெழுத்து," என்பார்.

பெண் கேட்டுப் போன அன்று அவர் வேலை, வருமானம், குடும்பம் எதைப் பற்றியும் விசாரிக்கவில்லை. தூண்டில் போடுவீர்களா என்று மட்டும்தான் கேட்டார். கடைக்கு வருகிறவர்கள் 'இந்த ஃபிரேம் எனக்கு நல்லா இருக்கா' என்று கேட்கும்போதெல்லாம் ஆமாம் சொல்லியே பழகிய வாய் கண்ணாடிக்காரருக்கு. ஆமாம் என்று சொல்லிவிட்டது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, கடலில்தான் போடுவேன் என்றும் சேர்த்துச் சொன்னது.

"அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை உங்க தூண்டிலோட வாங்க," என்றார் கேப்டன். "எப்படிப்பட்ட தூண்டில் வெச்சிருக்கான்னு பார்த்தா, ஆள் எப்படின்னு சொல்லிடுவேன்."

வாய்க்கொழுப்புக்குக் கால் நடந்தது. மறுநாளே தூண்டில் கடைக்குப் போனார். சுவர் நிறையக் கம்புகள். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாததால் தெரிந்த வழியில் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றையும் கையில் பிடித்துக்கொண்டு, கடையிலிருந்த நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்று, முகத்துக்கு எடுப்பாக இருந்ததை வாங்கினார். அதுதான் லிஃப்டில் மாட்டிய கம்பு.

அது கரையில் நின்று வீசுகிற கம்பு, படகில் பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் கண்ணைக் குத்தும் என்பது பல் டாக்டர் போனில் சொல்லித்தான் தெரிந்தது. மறுபடி கடைக்கு ஓடினார். கடைக்காரர் எந்த மீனுக்கு, எவ்வளவு ஆழத்தில் என்று கேட்டார். நடுத்தர மீன், நடுத்தர ஆழம் என்றார் இவர். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குட்டையாக, கெட்டியாக ஒரு கம்பை எடுத்துக் கொடுத்தார். அதற்கு ஏற்ற, தூண்டில் நரம்பு சுற்றும் ரீலையும் கொடுத்து, இது உப்புத் தண்ணிக்குத் தாங்கும் என்றார்.

தாங்கும் என்று விற்கிறவர் சொன்னால் நம்பலாமா? கண்ணாடிக்காரரும் விற்கிறவர்தான். புது ஃபிரேம் வந்தால் வியர்வைக்கு நிறம் மங்குமா என்று உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்த பிறகுதான் அவர் அலமாரியில் வைப்பார். ரீலையும் வாளியில் உப்பைக் கரைத்து ஊறப்போட்டார். அக்கா சமையலுக்கு உப்பைத் தேடி வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. எடுத்துக் காயவைத்தால், ரீல் உப்புப் பூத்துக் கிடந்தது. கைப்பிடி அசையவே இல்லை.

"கடல்ல போட்டாலும் இப்படித்தானே ஆகும்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ரீலையாடா கடல்ல போடுவாங்க?" என்றாள் அக்கா.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான் அதற்குப் பிறகு. கண்ணாடிக் கால்களுக்குப் போடுகிற குட்டித் திருப்புளியால் ரீலைப் பிரித்தார், துடைத்தார், எண்ணெய் விட்டார், பூட்டினார். ஒரு ஸ்பிரிங் மிச்சம் விழுந்தது. இப்போது கைப்பிடி நன்றாகச் சுற்றியது. நரம்புதான் சுற்றவில்லை.

மூன்றாம் முறை அவர் நுழைந்தபோது கடைக்காரர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். புது ரீலைத் தானே கம்பில் பூட்டிக் கொடுத்து, இது கம்புக்குக் கீழே தொங்க வேண்டும், மேலே நிற்கக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். கண்ணாடிக்காரர் அந்த ஒரு பாடத்தை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை படகுத்துறையில் கேப்டன் காத்திருந்தார். பெரிய தொப்பி, கழுத்தில் கயிறு கட்டாத மூக்குக்கண்ணாடி, கையில் பளபளவென்று தூண்டில். அதே மாதிரி ரீல்தான். ஆனால் அவருடையது கம்புக்கு மேலே நின்றது. கடைக்காரர் பெரியவரா, கேப்டன் பெரியவரா? கண்ணாடிக்காரர் திரும்பி நின்று தன் ரீலையும் சட்டென்று மேலே வருமாறு திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

கேப்டன் அதைக் குனிந்து பார்த்தார்.

"பரவாயில்ல. பிடிக்கத் தெரிஞ்ச ஆள்தான்."

கண்ணாடிக்காரருக்கு அந்த நிமிஷம் கல்யாணமே முடிந்த மாதிரி இருந்தது.

சின்னத் துடுப்புப் படகு. கேப்டனே வலித்தார். அலைத் தடுப்புச் சுவரைச் சுற்றிப் போனதும் நிறுத்திவிட்டார். கரையிலிருந்து யார் பார்த்தாலும் தெரியாத இடம். இது தன்னுடைய ரகசிய இடம் என்றார். தூண்டிலைப் போட்டுவிட்டுத் தொப்பியை நெற்றியில் சாய்த்துக்கொண்டார். அவரைப் பார்த்துக் கண்ணாடிக்காரரும் தன் நரம்பைத் தண்ணீரில் விட்டார். கடல் அமைதியாக இருந்தது, வெயில் இதமாக இருந்தது. வெகுநேரம் இரண்டு நரம்பும் அசையவில்லை. மாமனாரும் மருமகனுமாக இப்படி எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் உட்காரலாம் என்று நினைக்கவே கண்ணாடிக்காரருக்குச் சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. தானும் ஒரு கை பார்ப்போம் என்று நரம்பைச் சுற்றி எடுத்து, கம்பைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வீசினார். முள் தண்ணீருக்குப் போகும் வழியில் கேப்டனின் மூக்கிலிருந்த கண்ணாடியையும் கூட்டிக்கொண்டு போனது. தண்ணீருக்கு மேலே ஒரு முறை மின்னிவிட்டு முள்ளிலிருந்து நழுவிய கண்ணாடி, கடலில் விழுந்து மறைந்தது. அன்று அந்தத் தூண்டிலில் மாட்டியது அது ஒன்றுதான். அதுவும் தப்பித்துவிட்டது.

கண்ணாடி இல்லாவிட்டால் கேப்டனுக்கு எதிரே இருப்பது ஆளா தூணா என்று தெரியாது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கண்ணாடிக்காரர் இருந்த திசையைப் பார்த்துக் கேட்டார், எத்தனை வருஷமாகத் தூண்டில் போடுகிறீர்கள் என்று.

கண்ணாடிக்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"இன்னிக்குத்தான் முதல் தடவை," என்றார். "உங்க பொண்ணு மேல இருக்கற ஆசையில சொல்லிட்டேன். தப்புதான்."

கேப்டன் தன் தூண்டிலை எடுத்து உள்ளே வைத்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"மீன் கிடைக்காம வர்றவனை மன்னிச்சிடலாம். பொய் சொல்றவனை மன்னிக்க முடியாது. என் பொண்ணை மறந்துடுங்க."

துடுப்பு கண்ணாடிக்காரர் கைக்கு வந்தது. கை வலித்ததா மனசு வலித்ததா என்று தெரியாமல் கரைக்கு வலித்தார். துறையில் இறங்கியதும், பார்வை தெரியாத கேப்டனின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டியதாயிற்று. நிராகரித்தவருக்கே வழிகாட்டுவது போன்ற கொடுமை வேறு இல்லை. மீன் விற்கிற பக்கம் வேண்டாம், சுற்றிக்கொண்டு போங்கள் என்றார் கேப்டன். கண்ணாடிக்காரருக்குச் சுற்று வழி தெரியாது. கேட்கிற மனநிலையிலும் அவர் இல்லை. கால் போன போக்கில் நேராகவே நடந்தார்.

மீன் கூடைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"கேப்டன், என்ன இன்னிக்குப் பார்க்காத மாதிரி போறீங்க? கூட வர்றது யாரு?"

கேப்டன் நின்றுவிட்டார். கண்ணாடிக்காரர் பிடித்திருந்த அவர் கை இறுகியது. இதுவரை கேட்டறியாத பணிவான குரலில் சொன்னார்:

"நம்ம... மாப்பிள்ளைம்மா."

கண்ணாடிக்காரர் தன் காதையே நம்பாமல் திரும்பிப் பார்த்தார். மீன்காரம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் கையைத் துடைத்துக்கொண்டு, கூடையிலிருந்து நான்கு மீன்களை எடுத்து நீட்டினாள்.

"அப்ப வீட்டு ஆள்தான், மறைக்க வேண்டாம். உங்க நாலுக்கும் வழக்கம்போல இடப்பக்கம் வாயைக் கிழிச்சு வெச்சிட்டேன், மாப்பிள்ளை மீனுக்கு எந்தப் பக்கம் கிழிக்கட்டும்?"