சிக்கியது சேவல் மட்டும்

கூச்சப்படுகிறவன் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். ஊரில் வேறு யாரும் வாங்கிக்கொள்ளாத சாமான் எல்லாம் அங்கே இருக்கும். என் வீட்டில் கோயில் கமிட்டியின் ஓட்டை அண்டா இருக்கிறது. பெரியப்பா மகனின் ஓடாத மோட்டார் இருக்கிறது. பழனிக்குப் போன யாரோ விட்டுப்போய்த் திரும்ப வாங்கவே வராத கிளிக்கூண்டு இருக்கிறது. 'வேண்டாங்க' என்ற சொல் என் தொண்டையிலிருந்து உதட்டுக்கு வருவதற்குள், கொடுத்தவர் பஸ் ஏறியிருப்பார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் இந்தக் கூச்சம்தான் காரணம். (பதில் தெரியாமல் இல்லை. எழுந்து நின்று சொல்ல வேண்டுமே!)

அப்படி என் தலையில் விழுந்ததிலேயே பெரியது, போலீஸ்காரர்கள் பிடித்து வந்த ஒரு சண்டைச் சேவல்.

கேரள எல்லையில் இருக்கிற எங்கள் எருத்தேன்பதிப் பக்கம் பொங்கல் கழிந்தால் தென்னந்தோப்புகளில் சேவல்கட்டு நடக்கும். சட்டப்படி நடக்கக் கூடாது என்பதால் கொஞ்சம் உள்ளே தள்ளி நடக்கும். ஊரில் பாதிப் பேர் அதை வீரம் என்பார்கள், மீதிப் பேர் பாவம் என்பார்கள். நான் யார் பேசினாலும் தலையாட்டுவேன். இரண்டு பக்கத்துக்காரர்களும் என்னைத் தங்கள் ஆள் என்றே நம்பி வந்தார்கள்.

அந்த வருஷம் கட்டு நடந்த தோப்புக்குள் ஜீப் வந்துவிட்டது. அத்தனை பேரும் வேலி தாண்டி ஓடினார்கள். (எங்கள் ஊரில் இது சுலபம். கொஞ்சம் வேகமாக ஓடினால் தமிழ்நாடு.) தோற்ற சேவலும் அவர்கள் கூடவே ஓடியது. ஜெயித்த சேவல் மட்டும் ஓடவில்லை. நட்டநடுவில் நின்று ஜீப்பைப் பார்த்துக் கூவியது. சிக்கியது சேவல் மட்டும்.

ஸ்டேஷனுக்குப் பால் ஊற்றுகிறவன் நான். மறுநாள் காலை போனால், கருகருவென்று அந்தச் சேவல் எஸ்.ஐ. ஐயாவின் மேசைக் காலில் கட்டியிருந்தது. அவர் ஃபைலைப் பிரிக்கும்போதெல்லாம் அவர் காலைக் கொத்தியதாம்.

"ரங்கசாமி, வீட்டில் கோழி உண்டல்லோ?" என்றார்.

தலையாட்டினேன். அதோடு முடிந்தது கதை. சேவல் என் கைக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை கோர்ட்டில் ஏலம், அதுவரை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். சேவல் இப்போது தொண்டிமுதல், அதாவது வழக்குச் சாமான்.

"ஜீவனோடே கொண்டுவரணம். இல்லெங்கில் நீ அகத்து," என்று லாக்கப்பைக் காட்டினார். அதற்கும் தலையாட்டினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுக்கொட்டகைத் தூணில் காலில் கயிறு போட்டுக் கட்டினேன். அன்று சாயங்காலமே பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து அண்ணன் வந்தார். சேவல் அவருடையது என்பது ஊருக்கே தெரியும். தன்னுடையது என்று அவர் வாயைத் திறந்தால் மட்டும் அவர் மேல் கேஸ்.

"சும்மா அப்பிடியே வந்தன் தம்பி. ஏதோ சேவலு கட்டியிருக்கறயாமா?"

"ஆமாங்ணா, ஸ்டேசன்ல குடுத்தாங்க."

"யாரு சேவலோ, பாவம்," என்று சொல்லிக்கொண்டே மடியிலிருந்து ஊறவைத்த கம்பையும் பாதாம் பருப்பையும் எடுத்தார். சேவல் அவர் முழங்கையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"உங்களை நல்லாத் தெரிஞ்சாப்பல நிக்குதுங்ணா."

"எனக்கு எந்தச் சேவலுமே இப்பிடித்தான் ஒட்டிக்கும் தம்பி," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அதற்கப்புறம் ஒரு நாள் தவறாமல் 'சும்மா' வந்தார். ஏலத்தில் யார் குறுக்கே வந்தாலும் விடுவதில்லை என்ற முடிவோடு இருந்தார் என்பது அவர் பாதாம் பருப்பிலேயே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் மச்சான் செல்லத்துரை வந்தார். என் மனைவியின் தம்பி, மலைமேல் பள்ளிவாசல் என்கிற ஊரில் தேயிலை ஃபேக்டரியில் வேலை. எங்கள் வீட்டில் மச்சான் வந்தால் கோழி அடித்தே ஆக வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. குழம்புக்குப் போகிற கோழியைக் காலையிலேயே பிடித்துப் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வைத்துவிடுவோம். பஞ்சாரம் என்பது மூங்கில் கூடை. அப்புறம் யாரும் கேட்க வேண்டியதில்லை. பஞ்சாரத்துக்குள் இருப்பதுதான் குழம்பு. அன்று காலை என் மனைவி எங்கள் வீட்டுச் செவலைச் சேவலைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

மச்சான் வந்ததும் கொட்டகைப் பக்கம் பார்த்துத் திடுக்கிட்டுவிட்டார்.

"என்ன மச்சான், கால்ல கயிறு போட்டு வச்சிருக்கீய! ரத்தம் பாத்து ரசிக்கிற பயலுவகிட்ட இருந்து தப்பிச்சு வந்த ஜீவனுல்லா? இங்கயும் ஜெயிலா?"

அவர் கண் கலங்கியிருந்தது. மிருகத்துக்கு நடக்கிற கொடுமையை எல்லாம் செல்போனில் பார்த்துப் பார்த்து வருத்தப்படுகிற மனுஷன். தலையைத் துவட்டத் துண்டு வாங்கிக்கொண்டு குளிக்கப் போனார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. உடனே கயிற்றை அவிழ்த்தேன். சும்மா விட்டால் நாச்சிமுத்து அண்ணன் தோட்டத்துக்கே நேராக நடந்துவிடும். இருப்பது ஒரே பஞ்சாரம். செவலையை வெளியே விரட்டிவிட்டு, கறுப்பனை உள்ளே விட்டு, மேலே ஒரு கல்லையும் வைத்தேன். காலில் கயிறு இல்லாமல் அது நிம்மதியாக நின்றதைப் பார்க்க மனசு நிறைந்துவிட்டது.

வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நாம் செய்த நல்ல காரியத்தை நாமே எப்படிச் சொல்லிக்கொள்வது? கூச்சமாக இருந்தது. பால் சொசைட்டிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது வீடு முழுக்க மசாலா வாசம். பஞ்சாரம் கவிழ்த்தபடியே இருந்தது. மேலே கல்லும் இருந்தது. நிம்மதியாகக் கை கழுவினேன். நாச்சிமுத்து அண்ணனும் 'சும்மா' வந்து சேர்ந்தார்.

"எங்க தம்பி, அந்த யாரோ ஒருத்தரு சேவலு?"

"பஞ்சாரத்துல பத்திரமா இருக்குதுங்ணா. மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் பாத்துக்கலாம்."

மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் மச்சான், ஒரு பக்கம் நாச்சிமுத்து அண்ணன், நடுவில் தலையாட்ட நான்.

"பெரியவரே, கால்ல கத்தியக் கட்டி ரெண்டு உசுர மோதவிட்டு வேடிக்கை பாக்கது மனுசத்தனமா?" என்று மச்சான் ஒரு கால் துண்டை எடுத்தார்.

"அது சண்டை போடவே பொறந்ததுங்க. நாம வேண்டாம்னாலும் அது போடும். வருசம் பூராப் பாதாம் பருப்பு போட்டு வளத்தறமே, அது கண்ணுக்குத் தெரியலீங்களா?" என்று அண்ணன் நெஞ்செலும்பைக் கடித்தார்.

"சாவுறது அதுல்லா? நீங்களா சாவுறீய?"

"உங்கூருல கோழியெல்லாம் வயசாகியா சாவுது?"

நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தலையாட்டினேன். பேச்சு சூடாகப் போனாலும் இரண்டு பேருக்கும் வாய்க்குள் வேலை முடியவில்லை. கறி ரப்பர் மாதிரி இழுத்தது.

"எத்தன விசில் விட்டும் வேகலீங்க," என்று என் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

நாச்சிமுத்து அண்ணன் மெல்லுவதைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "கோச்சைக் கறியாட்டவே இருக்குது அம்முணி. நாரு நாரா, அந்த ருசியே." (சேவல்கட்டில் செத்த சேவலுக்குக் கோச்சை என்று பெயர். ஜெயித்தவர் வீட்டுக்கு அது போகும். எத்தனையோ கோச்சை தின்ற நாக்கு அவருடையது.)

அப்போதுதான் வாசலில் ஒரு நிழல் தெரிந்தது. எங்கள் செவலைச் சேவல் படியேறி உள்ளே வந்தது. என் தட்டுக்கு முன்னால் நின்று, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து என்னைப் பார்த்தது. கீழே சிந்தியிருந்த ஒரு பருக்கையைக் கொத்தியது. பிறகு தெம்பாகக் கூவியது.

"இதென்னங்க!" என்றாள் மனைவி. "நீ இதத்தான தம்பி கொண்டுபோன?"

"நான் எங்கக்கா பாத்தேன்? எனக்கு ரத்தம்னாலே தலை சுத்தும். பஞ்சாரத்துல இருக்கதுன்னு நீ சொன்ன. கண்ண மூடிக்கிட்டுக் கையவிட்டுச் சாக்குல போட்டேன். கறிக்கடைக்காரரு வேலை முடியுற வரைக்கும் ரோட்டப் பாத்துட்டு நின்னேன். வந்து பஞ்சாரத்த ஒழுங்காக் கவுத்து வச்சேனே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். கையிலிருந்த காலைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் ஓடினார்.

நாச்சிமுத்து அண்ணன் அசையவில்லை. வாயில் ஒரு துண்டு. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசு வரவில்லை. என் சேவல் என்று கத்தவும் வழியில்லை. கண்ணில் மட்டும் நீர் கோத்து நின்றது.

கடைசியில் முழுங்கினார். "யாரு சேவலோ, பாவம்," என்றார். தட்டைக் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

அடுத்த நாள் காலை கையில் மூடி போட்ட தூக்குப்போசியோடு ஸ்டேஷனுக்குப் போனேன். (வெறுங்கையோடு போனால் விற்றுவிட்டேன் என்று நினைப்பார்களே! மீதி இருந்ததையாவது ஒப்படைப்பதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது.) சேவலோடு சேர்ந்து கோர்ட்டு ஏலத்துக்குப் போகலாம் என்று வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நாச்சிமுத்து அண்ணனும் வந்திருந்தார். எதற்கு வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"தொண்டிமுதல் எவிடே?" என்றார் எஸ்.ஐ. ஐயா.

தூக்குப்போசியை மேசைமேல் வைத்தேன். அவர் மூடியைத் திறந்தார். பார்த்தார். மோந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக, யாரும் வாயைப் பிடுங்காமல், நின்றபடி, முழுசாக ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்தேன். மச்சான், கயிறு, பஞ்சாரம், கறிக்கடை, எல்லாம்.

அவர் எழுந்து நின்றார். பிறகு வாசல் பக்கம் குரலை உயர்த்தினார்: "இதின்றே உடமஸ்தன் ஆரு? அவன் வந்து பராதி தந்தால், ரங்கசாமியெ இப்போத் தன்னெ அகத்தாக்காம்."

சொந்தக்காரன் புகார் கொடுத்தால் எனக்கு லாக்கப். எல்லார் கண்ணும் நாச்சிமுத்து அண்ணன் மேல் போய் நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் என்மேல் இருக்கும் ஆத்திரம் தீரும், கூடவே அவரும் உள்ளே வர வேண்டியிருக்கும். அவர் வாய் திறந்தது. கண் தூக்குப்போசியிலேயே இருந்தது.

"யாரு சேவலோங்க," என்றார். குரல் உடைந்துவிட்டது. "பாவம்."

எஸ்.ஐ. ஐயா மூடியைப் போட்டு மூடினார்.

ஆனாலும் கோர்ட்டுக்குப் போகாமல் தப்ப முடியவில்லை. கவனக்குறைவுக்காகக் கோர்ட்டு கலையும்வரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் எதற்குப் பயந்து ஓடினேனோ அது என்னைத் தேடிப்பிடித்து, அத்தனை பேர் பார்க்கச் சாயங்காலம் வரை நிற்க வைத்துவிட்டது. வந்துபோன வக்கீல்கள் எல்லாம் என்ன குற்றம் என்று விசாரித்தார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி எனக்குக் கூச்சமே பாதி போய்விட்டது. இல்லாவிட்டால் இதை எழுதியிருப்பேனா?

செவலைச் சேவலை அதற்கப்புறம் அறுக்க யாருக்கும் மனசு வரவில்லை. அது வயசாகித்தான் செத்தது. நாச்சிமுத்து அண்ணன் இன்னும் சேவல் வளர்க்கிறார், கட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கேட்டால் போலீஸ் கெடுபிடி என்பார். மச்சான் இன்னும் கோழி சாப்பிடுகிறார். ஆனால் இப்போது கறிக்கடையில் ரோட்டைப் பார்த்து நிற்பதில்லை. எந்தச் சேவல் என்று கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.

போன தடவை வந்தபோதும் இலையில் உட்கார்ந்ததும், "யக்கா, இது நம்ம சேவல்தான?" என்று ஆரம்பித்தார்.

என் மனைவி குழம்பை அவர் சோற்றில் ஊற்றிவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்:

"யாரு சேவலோ, பாவம். சாப்புடு."