ரோஜா நிறக் குடுவைகள்

திங்கள் காலை ஆய்வுக்கூடத்தைத் திறந்த ஆராய்ச்சி மாணவி நேராகக் குடுவைகளிடம் போனாள். முதல் குடுவையில் ரோஜா நிறக் கலங்கலைக் காணோம். பளிங்காகத் தெளிந்து நின்றது.

உள்ளே வளர்ந்தவை உப்பில் வாழும் நுண்ணுயிர்கள். கடல்நீரே அவற்றுக்குச் சப்பென்றிருக்கும். உப்பு கொஞ்சம் குறைந்தாலும் வெடித்துச் சாகும். பேராசிரியர் ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை அவரும் வருகிறார், ஆய்வைத் தொடரலாமா மூடலாமா என்று முடிவுசெய்யும் குழுவும் வருகிறது.

பக்கத்து அறையில் ஆய்வு செய்யும் அக்காவிடம் ஓடினாள்.

"உப்பைத் தப்பா போட்டுட்டேன் போலக்கா. எல்லாம் செத்துப்போச்சு."

"ரெண்டாவது குடுவை இருக்குல்ல? இதுல பாதி அதுல, அதுல பாதி இதுல ஊத்து. யாருக்குத் தெரியப்போவுது?"

ஊற்றினாள். மறுநாள் இரண்டுமே தெளிந்திருந்தன.

புதன்கிழமை, மிச்சமிருந்த மூன்றாவதையும் சேர்த்துக் கலந்து பிரித்து வைத்தாள். வியாழன் காலை மூன்றும் பளிங்கு. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் உள்ளே நுழைந்ததும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தொத்திச்சா?"

"ஆமா சார். மன்னிச்சிருங்க."

"மன்னிக்கறதா? இதுங்களைக் கொல்ற புது வைரஸைத்தானேம்மா மூணு வருஷமா தேடறோம்?"

"அந்த வைரஸ் உப்பளத்துத் தண்ணியிலதானே சார் இருக்கும்? இதுல நாம அதைச் சேர்க்கவே இல்லையே."

"காத்துல வந்திருக்கும். உன் பேரையே வைக்கறேன் அதுக்கு."

குழு வந்தது. பேராசிரியர் முக்கால் மணி நேரம் முழங்கினார். தலைவர் மூன்று குடுவைகளையும் மாறி மாறிப் பார்த்து, இன்னும் இரண்டு வருடம் தொடரலாம் என்று கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். மாணவிக்கு ஐந்து நாளில் முதல்முறையாக மூச்சு சீராக வந்தது.

துடைப்பத்தோடு வாசலில் நின்றிருந்த துப்புரவுக்கார அம்மா, மெதுவாக அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ அழுதத பாத்ததுலேர்ந்து மனசு கேக்கல கண்ணு. ஞாயித்துக்கெழம தொடைக்கும்போது அந்த மொதக் குடுவ என் கைபட்டுக் கொட்டிப்போச்சு. திட்டுவாங்களேன்னு பயந்து, குழாய்த் தண்ணியப் புடிச்சு வச்சுட்டேன்."