சைடு ஏ முடிந்த இடம்

எனக்கு ராக் இசை தெரியும் என்று ஒருமுறை பொய் சொன்னேன். சாதாரணப் பொய் இல்லை, ஆம்ப்ளிஃபயர் வைத்துச் சொன்ன பொய்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரம், பம்மல் பக்கத்துக் கல்யாண ரிசப்ஷன்களில் மெல்லிசைக் குழுவோடு கிடார் வாசித்துக்கொண்டிருந்தேன். (யாரும் கேட்கமாட்டார்கள். சரியாக அப்போதுதான் பந்தியில் பாயசம் வரும்.) பல்லாவரத்தில் டெரிக் என்ற டிரம்மர் ஓர் இங்கிலீஷ் பாட்டு பேண்ட் நடத்தினான். அவனுடைய கிடார்காரனுக்கு மஞ்சள் காமாலை.

"பொத்தேரில ஒரு காலேஜ் ஷோ மேன். மூணு பாட்டு. நல்லா வாசிச்சா நீ பர்மனென்ட்."

அவன் சொன்ன மூன்று பாட்டையும் நான் கேட்டதே இல்லை. "அட, நம்ம பாட்டாச்சே!" என்றேன். பாயசத்தோடு போட்டி போடாத வாழ்க்கை அல்லவா கூப்பிடுகிறது!

தாம்பரத்து ரெக்கார்டிங் கடைக்கு ஓடினேன். புதுக் கேசட் வாங்க மனம் வராமல், அக்காவின் பக்திப் பாடல் கேசட்டில் மிச்சமிருந்த இடத்தில் பதியச் சொன்னேன். "கடைசிப் பாட்டுக்கு இடம் கொஞ்சம் இடிக்கும் தம்பி" என்றார் கடைக்காரர். தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை.

முதல் நாள் அந்த இசை தெருச்சண்டை போல இருந்தது. மூன்றாம் நாள், சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று புரிந்தது. ஐந்தாம் நாள் நானும் சட்டையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். மூன்றாவது பாட்டு முடியும் விதம்தான் என்னைச் சாய்த்தது. கிடார் மேலே மேலே ஏறி, உச்சியில் டக்! நிசப்தம். என்ன திமிர்! கையை உயர்த்தி அந்த 'டக்'கைக் கண்ணாடி முன் பழகினேன்.

ஒத்திகையில் மூன்றாவது பாட்டை எடுக்கும்போது கரண்ட் போய்விட்டது. "மேடையில பாத்துக்கலாம் மேன்" என்றான் டெரிக்.

மேடையில் இரண்டு பாட்டு அமோகம். மூன்றாவதில் ஏறினேன், ஏறினேன், டக்! கை உயர்ந்தது. குனிந்து வணக்கமும் சொன்னேன்.

பேண்ட் நிற்கவில்லை.

"ஏன் மேன் நின்னுட்ட? சோலோ மேன்! இப்பதான் உன் சோலோவே!" டிரம்ஸை அடித்தபடியே டெரிக் கத்தினான். பாட்டில் இன்னும் நாலு நிமிடம் பாக்கி. என் கேசட்டில்தான் இல்லை; அந்த 'டக்'கோடு சைடு ஏ தீர்ந்துபோயிருந்தது.

ரகசியமாகக் கிடார் ஒயரைக் காலால் பிடுங்கிவிட்டு, ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன். சவுண்டு செட் ஏகாம்பரம் அண்ணன் மேடையேறிவிட்டார்.

"இன்னா சார், என் செட்டு மேல பழி போடுற? நீதான புடுங்குன? நான் பாத்துகினுதான கீறேன்!"

பக்கத்தில் மைக் இருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது. ஒயரைச் செருகி, வால்யூமை முழுசாகத் திருப்பிவிட்டு, என் பக்கத்திலேயே கைகட்டி நின்றார்.

விரல் நடுங்கியது. நடுக்கம் கம்பியில் ஏறி, ஒரே ஸ்வரம் ஓவென்று அழுதது. கூட்டம் விசிலடித்தது. (பயத்துக்கு இவ்வளவு மரியாதையா!) அதற்குமேல் சரக்கு இல்லை. கல்யாண வீட்டுப் பழக்கம் கையைப் பிடித்து இழுத்தது. கிடாரில் கெட்டிமேளம் வாசித்துவிட்டேன்!

டெரிக் ஒரு நொடி விழித்தான். பிறகு தவில் போல டமடமவென்று கூடவே இறங்கினான். பையன்கள் நிகழ்ச்சி நிரலைக் கிழித்து அட்சதை போட்டார்கள்.

கீழே இறங்கியதும், "பாட்டு தெரியாதுல்ல?" என்றான் டெரிக்.

"தெரியாது."

"வெள்ளிக்கிழமை பிராக்டிஸுக்கு வா மேன். இனிமே கேசட் நான் குடுக்கறேன்."

அந்த வெள்ளிக்கிழமைதான் முழுப் பாட்டையும் கேட்டேன். உச்சி என்று நான் நினைத்த இடம் வெறும் வாசற்படி.

இன்றும் காரில் அந்தப் பாட்டைப் போட்டால், சரியாக அந்த இடத்தில் மனைவியும் மகளும் கையை உயர்த்தி, "டக்!" என்கிறார்கள். தலைகுனிந்து வணக்கம் வேறு.

"சும்மா இருங்க," என்கிறேன். "பாட்டு இப்பதான் ஆரம்பிக்குது."